மோட்டார் ஓடிய நேரம்

பதினொன்றரைக்கு வருவதாக பெண்கள் பாதுகாப்பு அலுவலகத்து அதிகாரியம்மா போனில் சொல்லியிருந்தாள். இப்போது மணி பத்தேகால்தான், அதற்குள் முருங்கைக்கீரையை உருவிவிடலாம் என்று மங்கையர்க்கரசி முறத்தோடு சமையலறை வாசலில் உட்கார்ந்தாள். கை கீரையை உருவிக்கொண்டிருந்தது, மனசு மட்டும் மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மாடியில் யாரும் இல்லை, பத்து நாளாக இல்லை, இருந்தும் காது அங்கேயேதான் கிடக்கிறது. நாகஜோதி குடும்பம் மாடியில் வாடகைக்குக் குடிவந்து மூன்று வருஷம். மேலே ஒரு நாற்காலி நகர்ந்தால் அது எந்த நாற்காலி என்று சொல்லிவிடுவாள், அப்படிப் பழகிய காது. பத்து நாளைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாகஜோதி இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மகள் கனிஷ்கா செருப்பில்லாமல் பின்னால் வர, இந்த வாசல் வழியாகத்தான் ஆட்டோவுக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு, மகளிர் காவல் நிலையத்தில் புகார், அப்புறம் திருமங்கலத்தில் அக்கா வீடு. புருஷன் தினகரன் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டான். விசாரணை முடிகிற வரைக்கும் வீடு பூட்டியே இருக்கட்டும், சாவி வீட்டு ஓனரிடம் இருக்கட்டும் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள், அதனால் இரண்டு சாவியும் இப்போது டிவி மேல் கிடக்கின்றன. வீடு எனக்குத்தான் என்கிறான் அவன். பிள்ளையின் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில் இருக்கிறது, நாங்கள் எங்கே போவோம், எங்களுக்குத்தான் வேண்டும் என்கிறாள் அவள். வாடகை ஒப்பந்தத்திலோ இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது. அதிகாரியம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “நீங்க கீழதானே மேடம் இருக்கீங்க. என்ன கேட்டுச்சு, எத்தனை தடவை கேட்டுச்சு, அத மட்டும் சொல்லுங்க. உங்க வார்த்தைய வச்சுத்தான் நான் கோர்ட்டுக்கு எழுதணும்.” என்ன கேட்டது. எத்தனை தடவை கேட்டது. ஒரு காம்பை உருவி முடித்து அடுத்ததை எடுத்தாள்.

அந்த இரண்டு கையெழுத்துக்கும் காரணம் அவளேதான், வேறு யாரைக் குறை சொல்ல. மதுரை வில்லாபுரத்தில் எந்த ஓனரும் பொண்டாட்டியிடம் கையெழுத்துக் கேட்பதில்லை. ஆம்பளை போட்டால் போதும், அது குடும்பத்துக்கே போட்ட மாதிரி. மங்கையர்க்கரசி மட்டும் கேட்பாள், அதில் அவளுக்கு ஒரு வீம்பு. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் முப்பத்துநாலு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். அந்தக் காலத்தில் வாடகைக்கு ஒரு ரூம் தேடி அவள் ஏறி இறங்காத படி இல்லை. தனிப் பொம்பளைக்குக் குடுக்கிறதில்லம்மா, அண்ணன் தம்பி இருந்தா வந்து கையெழுத்துப் போடச் சொல்லு, ராத்திரி ஷிப்டா, அதெல்லாம் நமக்குச் சரிப்படாது. சொந்தமாகச் செங்கல் செங்கலாகக் கட்டி, மேலே ஒரு போர்ஷன் எடுத்தபோது, என் வீட்டில் குடியிருக்கிற பெண்ணுக்கு என் ஒப்பந்தத்தில் பேர் இருக்கும் என்று அவள் தனக்குத்தானே சத்தியம் பண்ணிக்கொண்டாள். நாகஜோதி பேனாவை வாங்கிக்கொண்டு சிரித்தாள். “எம்பேரு எதுக்கும்மா, அவுக போட்டாப் போதாதா?” “போடுத்தா. நீயுந்தான இருக்கப் போற.” அதைச் சொல்லிவிட்டு ஒரு வாரம் பெருமையில் கால் தரையில் பாவவில்லை மங்கையர்க்கரசிக்கு. எதிர்வீட்டுப் பொற்கொடியிடம்கூட இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள். கையெழுத்து வாங்கினால் போதுமா, கையெழுத்துப் போட்டவளைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று இப்போது யாராவது கேட்கலாம். யாரும் கேட்கவில்லை. அவளேதான் கேட்டுக்கொள்கிறாள், பத்து நாளாக.

நேற்று சாயங்காலம் தினகரன் வந்திருந்தான். ஒரு பை ஆப்பிள், கையில் புது ஒப்பந்தம், அதில் அவன் பேர் மட்டும். பழையது இந்த மாதத்தோடு முடிகிறது, பதினோரு மாதக் கணக்கு, அதனால் தப்பு ஒன்றும் இல்லை என்றான். குரல் எப்போதும் போல மெதுவாக, மரியாதையாக. பைக் ஷோரூமில் ஆள் பிடித்து வண்டி விற்கிற குரல். இந்தக் குரலா அது என்று அவளுக்கு ஒவ்வொரு தடவையும் சந்தேகம் வரும், சந்தேகம் வந்ததும் கொஞ்சம் நிம்மதியும் வரும், அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது நெஞ்சு கசக்கிறது. “அம்மா, நீங்க எனக்குப் பெத்த தாய் மாதிரி. மூணு வருஷமா ஒரு நாள் வாடகை தப்பியிருக்கேனா? நாளைக்கு வர்ற அந்த மேடத்துக்கிட்ட உள்ளதச் சொல்லுங்க. மாடியில சத்தம் எதுவும் கேக்கலண்டு சொல்லுங்க.” அவன் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்து, ஏதோ ஒத்தாசை பண்ணுகிறவன் மாதிரி சொன்னான். “அந்நேரம் மோட்டார் ஓடிக்கிட்டிருந்திருக்கும்ல. அதுல உங்களுக்கு எப்படிம்மா கேக்கும்? அப்படியே சொல்லிருங்க, போதும்.” பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான். பொய்கூடச் சொல்ல வேண்டாம். மோட்டார் ஓடியது. மோட்டார் ஓடினால் கேட்காது. இரண்டும் உண்மை. ராத்திரி முழுக்க அந்த இரண்டு உண்மையையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு முழித்துக் கிடந்தாள். ஆக, அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு நாளாகத் தெரியும்?

முதல் தடவை தற்செயல்தான், அதை எந்தச் சாமி முன்னாலும் சொல்வாள். சமையலறை அலமாரிக்குப் பக்கத்தில் சுவிட்ச், ஜன்னலுக்கு வெளியே கொல்லையில் மோட்டார், பழைய மோட்டார், போட்டால் பாத்திரமெல்லாம் சேர்ந்து ஆடும், நாலு வீட்டுக்குக் கேட்கும். ஒரு சாயங்காலம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, நிறுத்தப் போனாள், நிறுத்தியதும் மேலே ஏதோ தொம்மென்று விழுந்தது, கூடவே நாகஜோதியின் குரல், வார்த்தை இல்லாமல். பிறகு ஒன்றும் இல்லை. அம்மிக்குழவி உருண்டிருக்கும் என்று நினைத்தாள். மாடியில் ஏது அம்மிக்குழவி, இருக்கிறது ஒரு மிக்சி. இரண்டாம் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேலே சத்தம் கேட்டதும் பொற்கொடி எதிர்வீட்டுப் பால்கனியில் காயப்போட்ட துணியை எடுக்கிற சாக்கில் வந்து நின்று, காதைத் தீட்டிக்கொண்டு, கீழே இவளைப் பார்த்து, “என்னக்கா, மேல படம் ஓடுது போல” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. நாகஜோதி நாளைக்கு இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து தண்ணீர்க் குடத்தோடு நடக்க வேண்டாமா, நாலு பேர் வாயில் விழ வேண்டுமா? மங்கையர்க்கரசி உள்ளே போனாள். சுவிட்சைப் போட்டாள். மோட்டார் எல்லாவற்றையும் மூடிவிட்டது. பொற்கொடி துணியை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பாடா என்று இருந்தது. ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு அவள் உண்மையாகவே நினைத்தாள், நினைத்து விபூதிகூடப் பூசிக்கொண்டாள். அப்புறம் அது பழக்கமாகப் போய்விட்டது. மேலே அவன் குரல் உயர்ந்தால் இவள் கை சுவிட்சுக்குப் போகும். தெருவுக்காகப் போட்டாளா, தனக்காகப் போட்டாளா? தெருவுக்குக் கேட்காமல் போனது ஒரு பங்கு என்றால் அவளுக்குக் கேட்காமல் போனது மூன்று பங்கு. ஓடுகிற மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அரிசி களைந்திருக்கிறாள், வெங்காயம் உரித்திருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள், இவள் தண்ணீரில் மறைத்தாள்.

கல்யாணம் ஆகாதவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்பது ஒரு பெரிய கதவு. அந்தக் கதவை அவள் தம்பி பொண்டாட்டி சாத்துவாள், பொற்கொடி சாத்துவாள், கடைசியில் இவளே சாத்திக்கொள்வாள். ஒரு தடவை தம்பி பொண்டாட்டியிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். “புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும் அண்ணி. காலையில அடிப்பான், சாயங்காலம் மல்லியப்பூ வாங்கிட்டு வருவான். நீங்க போயி நடுவுல நிண்டீகண்டா ரெண்டு பேருமாச் சேந்து உங்களத்தான் வைவாக.” சரிதான் என்று வந்துவிட்டாள். அது சௌகரியமாகவும் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எக்ஸ்சேஞ்சிலும் சொல்லிக் கொடுத்தது அதுதானே, லைனைச் சேர்த்துவிடு, இரண்டு பக்கமும் பேசுவது கேட்டதும் உன் காதை எடுத்துவிடு, அடுத்தவர் பேச்சு நமக்கு எதற்கு. மற்றப் பெண்கள் கேட்டுவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் கதை கதையாகச் சொல்வார்கள், இவள் கேட்க மாட்டாள், அரசி மாதிரி ஆபரேட்டர் கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்வார். ஒரே ஒரு தடவை கேட்டாள். எண்பத்து மூன்றோ நாலோ, போடியிலிருந்து ஒரு டிரங்க் கால், போஸ்ட் ஆபீசிலிருந்து ஒரு பெண். சென்னையில் அண்ணன். அண்ணே வந்து கூட்டிக்கிட்டுப் போண்ணே, வந்து கூட்டிக்கிட்டுப் போண்ணே, வேறு ஒரு சொல்லும் இல்லை, அதையே திருப்பித் திருப்பி. மூன்று நிமிஷம் ஆகிவிட்டது. விதிப்படி இவள் நடுவில் நுழைந்து, “மூன்று நிமிஷம் முடிஞ்சிருச்சு, நீட்டிக்கவா?” என்று கேட்டாள். அண்ணன்காரன் சொன்னான், “போதும்மா.” அந்தப் பெண் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. இவள் போர்டில் லைனைச் சேர்த்திருந்த கார்டு வயரை உருவிவிட்டாள். நாற்பது வருஷம் ஆயிற்று, அந்த மூச்சு இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு இவள் ஒரு நிமிஷம் விதியை மீறியிருந்தால் என்ன ஆகியிருக்கும், அண்ணன் மனசு மாறியிருப்பானா, மாறியிருக்க மாட்டான். ஆனால் கார்டை உருவியது அவன் கை இல்லையே. இவள் கை. முறத்தில் கீரை குவிந்துவிட்டது, வெறும் காம்பை உருவிக்கொண்டிருக்கிறாள்.

மணி பதினொன்று. போன மாசி மாதத்தில் ஒரு நாள் இப்படித்தான் சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்துபோனாள். தொட்டி நிறைந்து மாடியிலிருந்து தண்ணீர் சுவரோரமாகக் கொட்டியது, முற்றம் முழுக்க வெள்ளம். அவள் துடைப்பத்தோடு வெளியே வர, தினகரன் படியிறங்கி வந்தான். சட்டை கசங்கவில்லை. தலையைக்கூட வாரியிருந்தான். “அம்மா, தண்ணி வீணாப் போகுது. நிறுத்திக்கலாம்மா, முடிஞ்சிருச்சு” என்றான். தொட்டி நிறைந்துவிட்டது என்றுதான் அவள் அர்த்தம் பண்ணிக்கொண்டாள், அப்படி அர்த்தம் பண்ணிக்கொள்ள முடிந்தது. மறுநாள் நாகஜோதி கீழே வந்து கறிவேப்பிலை பறித்தபோது கன்னத்தில் மஞ்சள் அப்பியிருந்தது, வெள்ளிக்கிழமைகூட இல்லை. என்னத்தா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. கறிவேப்பிலை இன்னும் ரெண்டு கொத்து ஒடிச்சுக்க என்றாள். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, எதற்கோ காத்திருந்த மாதிரி, பிறகு மேலே போய்விட்டது. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று இப்போது பயமாக இருக்கிறது, சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அதைவிடப் பயமாக இருக்கிறது. சொன்னால், நீ என்ன பண்ணினாய் என்று அடுத்த கேள்வி வரும். அந்த அதிகாரியம்மா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். பொற்கொடிக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், அறுபத்து நாலு வயசில் இந்தப் பேர் வேண்டுமா? கோர்ட்டில் கூப்பிட்டு நிறுத்துவார்களோ? சொல்லாவிட்டால் சத்தம் இல்லாத வீடு, சாட்சி இல்லாத அடி, வாடகை தப்பாத புருஷன், அவன் பேரில் ஒப்பந்தம், சாவி அவன் கையில். அப்புறம் அவள் திரும்பி வந்தாலும் அவன் வீட்டுக்குத்தான் வர வேண்டும். கேட் திறக்கிற சத்தம். மங்கையர்க்கரசி எழுந்தபோது மடியிலிருந்த காம்பெல்லாம் தரையில் கொட்டியது, பெருக்க நேரமில்லை.

அதிகாரியம்மா சின்ன வயசுக்காரி, முப்பத்தைந்துகூட இருக்காது, தோளில் துணிப்பை, வெயிலில் கறுத்த முகம். பின்னால் நாகஜோதி, கழுத்திலிருந்து தொட்டில் கட்டின மாதிரி துணி, அதற்குள் மாவுக்கட்டுக் கை. பிள்ளையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். மங்கையர்க்கரசியைப் பார்த்து, “நல்லாருக்கீகளாம்மா” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் முதலில் கண் கலங்கியது. தினகரனும் யாரும் கூப்பிடாமலே வந்து வாசற்படியில் நின்றான். “அம்மா சொல்லுவாக மேடம், கேட்டுக்கங்க. அவுக மனசாட்சி உள்ளவுக” என்றான். அதிகாரியம்மா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. காகிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “சொல்லுங்க மேடம். மாடியிலருந்து சத்தம் எதுவும் கேட்டிருக்கா?” என்றாள். மோட்டார் ஓடிக்கிட்டிருந்துச்சு. அந்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக, கழுவித் துடைத்து வைத்த டம்ளர் மாதிரி இருந்தது. எடுத்தால் போதும். மங்கையர்க்கரசி நாகஜோதியின் மாவுக்கட்டைப் பார்த்தாள். அதில் கனிஷ்கா பேனாவால் ஒரு பூ வரைந்திருந்தாள், கீழே தன் பேரை எழுதியிருந்தாள், ஷ் மட்டும் திரும்பிப் போயிருந்தது.

“கேட்டுச்சு” என்றாள்.

“எத்தனை தடவை?”

“எண்ணல. பத்துக்கு மேல இருக்கும், பதினஞ்சுகூட இருக்கலாம்.” குரல் அவளுடையதாகவே இல்லை, எக்ஸ்சேஞ்ச் குரலாக இருந்தது, தெளிவாக, ஏற்ற இறக்கம் இல்லாமல். “அவரு கத்துறதும் கேக்கும், அடிக்கிறதும் கேக்கும். கேட்டதும் நாந்தான் மோட்டாரப் போடுவேன். தெருவுக்குக் கேக்கக் கூடாதுண்டு போடுவேன். எனக்கும் கேக்கக் கூடாதுண்டுதான். எழுதிக்கங்க.”

“என்னம்மா, என்ன பேசுறீங்க?” என்று தினகரன் உள்ளே ஒரு காலை எடுத்து வைத்தான். அந்த மெதுவான குரல் இல்லை. மாடியில் கேட்கிற குரல், முதல் தடவையாகக் கீழே, பட்டப்பகலில். அதிகாரியம்மா எழுந்து நின்று, “சார், நீங்க சொல்ல வேண்டியத கோர்ட்டுல சொல்லுங்க. இப்ப வெளிய போங்க” என்றாள். அவன் மங்கையர்க்கரசியை ஒரு பார்வை பார்த்தான், ஆப்பிள் பையைப் பார்த்தான், போய்விட்டான். பைக் உறுமிக்கொண்டு தெருவைத் தாண்டியது. அதிகாரியம்மா எழுதிக்கொண்டே இருந்தாள், நிமிர்ந்து பார்க்கவே இல்லை, பார்த்திருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. கையெழுத்துக் கேட்டாள், மங்கையர்க்கரசி போட்டாள். சாவியை நாகஜோதியிடமே கொடுத்துவிடலாம், ஸ்டேஷனில் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள் அதிகாரியம்மா. யாராவது திட்டினால் நன்றாக இருக்கும். யாரும் திட்டவில்லை.

நாகஜோதிதான் பேசினாள், தரையில் கிடந்த கீரைக்காம்பைப் பார்த்துக்கொண்டு. “எனக்குத் தெரியும்மா. மோட்டார் போடுற சத்தம் கேட்டதும், அம்மாவுக்குக் கேட்டிருச்சு, இப்ப வந்துருவாகண்டு நெனப்பேன். படியில கால் சத்தம் கேக்குதாண்டு பாத்துக்கிட்டே இருப்பேன்.” கையைத் தாங்கிய துணியை இழுத்துச் சரிசெய்தாள். “ஒவ்வொரு தடவையும் நெனப்பேம்மா.”

மன்னிச்சிருத்தா என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. தான் பண்ணியதற்கு அது போதுகிற சொல்லாகத் தெரியவில்லை, விழுங்கிவிட்டாள். புது ஒப்பந்தம் உன் பேரில் மட்டும் போடலாம், வேறு யார் கையெழுத்தும் வேண்டாம், சாவி இந்தா என்று சொன்னாள், வேறு என்ன சொல்ல. நாகஜோதி இரண்டு சாவியையும் வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். “இருக்கேம்மா. பிள்ளைக்கு ஸ்கூல் இருக்கு. தனியா இருக்கவளுக்கு வேற யாரு வீடு குடுக்கப் போறாக?” படிவரைக்கும் போனவள் நின்று திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “ஒண்ணு மட்டும் அந்தப் புது ஒப்பந்தத்துல சேத்து எழுதிருங்கம்மா. மோட்டார் சுவிட்ச் மேல எங்க வீட்டுக்கு மாத்திறணும். உங்களுக்குத் தண்ணி வேணும்னா கூப்பிடுங்க, நான் போட்டு விடுறேன்.”

“சரித்தா” என்றாள் மங்கையர்க்கரசி. அதிகாரியம்மாவும் போன பிறகு, புதியது போடும்போது மறக்காமல் இருக்க, பழைய ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அதைத் தன் கையாலேயே எழுதி வைத்தாள். இனிமேல் குழாயில் தண்ணீர் நின்றுபோனால் அவள் முற்றத்தில் இறங்கி மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும், மேலே இருக்கிறவளுக்குக் கேட்கிற வரைக்கும் அங்கேயே நிற்க வேண்டும்.